மூட்டையோடு சேதியும் வரவேண்டும்

போன பங்குனியில் சென்னைக் கடையிலிருந்து எங்கள் மாப்பிள்ளைச் சம்பா புழுங்கல் அரிசி 60 சிப்பம் திரும்பி வந்தது. பார்க்க நல்ல அரிசிதான். உலையில் போட்டால் ஊறல் வாடை. வாங்கிய ஒரு வீட்டம்மா, பழைய சாக்கைத் தண்ணீரில் நனைத்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்று கடையில் வந்து சொல்லியிருக்கிறார். அடுத்தவர் சொல்லும்வரை கடைக்காரர் காத்திருக்கவில்லை. லாரியில் ஏற்றிவிட்டார்.

நான் பாபநாசம் பக்கம் ஒரு சின்ன அரவை மில் நடத்துகிறேன். வாடை எங்கே ஏறியது என்று கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அந்த வாரம் ஆள் கிடைக்காமல் நெல் தொட்டியிலேயே மூன்று நாள் பச்சைத் தண்ணீரில் கிடந்தது. நடுவில் தண்ணீரை மாற்றவும் இல்லை. அப்படிக் கிடந்தால் நெல் புளிக்கும். அந்த வாடை உமியைத் தாண்டி அரிசிக்குள் இறங்கிவிட்டால் அவித்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. 1,500 கிலோவையும் கிலோவுக்கு 45 ரூபாய் நட்டத்தில் மாட்டுத் தீவனக்காரரிடம் தள்ளினேன். மொத்தம் 67,500 ரூபாய். தவறு என்னுடையது.

என்னை உலுக்கியது பணம் இல்லை. எங்கள் குழுவிலேயே மன்னார்குடிப் பக்கம் இன்னொரு மில்காரர் இருக்கிறார். அவருக்குத் தை மாதமே இதே வாடை வந்திருக்கிறது. அவர் உடனே 70 டிகிரி வெந்நீரில் மூன்றரை மணி நேரம் ஊறவைக்கும் முறைக்கு மாறி, வாடையை ஒழித்தும்விட்டார். இரண்டு பஸ் மாறினால் அவர் மில்லுக்குப் போய்விடலாம். தினமும் வாட்ஸப்பில் வணக்கம் சொல்லிக்கொள்கிறோம். இரண்டு மாதமாக இந்த ஒரு சேதி மட்டும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டேன்.

"அண்ணே, சொல்லியிருந்தா கடைக்காரர் யாரு மூட்டையை முதல்ல நிறுத்துவாரு? எனக்கு அந்த ஒரு கடைதான் இருக்கு" என்றார்.

அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

நாங்கள் 23 பேர். வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் பாரம்பரிய நெல் போடுகிறவர்கள் 14, விதை காப்பவர்கள் 3, மில் 2, அவல் பொரி போடுகிறவர்கள் 2, ஒரு லாரிக்காரர், ஒரு சென்னைக் கடைக்காரர். முதலாளி என்று யாரும் இல்லை. ஒருவர் சரக்கை நம்பி அடுத்தவர் பிழைக்கிறோம். பங்குனிக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து, இனி எந்த ஏற்பாட்டில் சேர்ந்து நடப்பது என்று பேசத் தொடங்கினோம். நாலைந்து வழிகள் வந்தன. ஒவ்வொன்றையும் விசாரித்து, சட்டத்தைப் படித்து, நடத்துகிறவர்களைக் கேட்டு நான் எழுதி வைத்ததுதான் இது. டெல்டாவில் எங்களைப் போலச் சங்கிலியாகத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் உதவும்.

உரைகல்

ஏற்பாடுகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, லாபம் எப்படிப் பிரியும், கையெழுத்து யார் போடுவது என்பதுதான். கேட்கவேண்டியதுதான். ஆனால் நான் வேறு கேள்வியை முன்னால் வைத்தேன். தன் தப்பைத் தானே சொன்னவருக்கு அந்த ஏற்பாட்டில் என்ன நடக்கும்?

நல்ல சேதி தானாகவே நடக்கும். தூயமல்லி நெல் நன்றாக விளைந்தால் வயலில் நின்று படம் எடுத்துப் போடுவோம். கதிர் சாய்ந்து பாதி பதராய்ப் போனதை யாரும் படம் எடுப்பதில்லை. அடுத்தவர் பிழைக்கத் தேவைப்படுவது அந்த இரண்டாவது படம்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் கல்லணை தாண்டி, வெண்ணாறு பிரிந்து, கிளை வாய்க்கால் கண்ணி வாய்க்காலாய்ப் போய், வேதாரண்யம் பக்கம் கடைமடையில் தண்ணீர் எட்டிப் பார்க்க எத்தனை நாள் ஆகிறது என்று நமக்குத் தெரியும். மேல்மடையில் மடையை அடைத்துக்கொண்டால் கீழே காய்ச்சல்தான். சேதியும் அப்படித்தான் ஓடுகிறது. எங்கள் சங்கிலியில் கடைக்காரர் மேல்மடை: வாங்குகிறவர் என்ன சொல்கிறார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். நெல் போடுகிறவர் கடைமடை. அவருக்கு அது வந்து சேரும்போது அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டிருப்பார்.

இன்னொன்றையும் பிரித்துக்கொண்டேன். எழுதக்கூடிய அறிவு ஒன்று: எந்த விதை, எந்தத் தேதி அறுப்பு, ஈரம் எத்தனை சதவீதம், எத்தனை மணி நேரம் ஊறல். கையில் இருக்கிற அறிவு இன்னொன்று: நெல்லைப் பல்லில் கடித்து ஈரம் சொல்வது, ஆவியின் வாசனை மாறும்போது வால்வை மூடுவது. சொல்லக்கூடாத அறிவும் உண்டு: என்ன விலைக்கு யாருக்குக் கொடுக்கிறோம், அவலுக்கு வறுக்கும் பக்குவம். மூன்றையும் ஒரே பையில் போட்டு எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வோம் என்று கூட்டத்தில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அப்படிப் பேசிய கூட்டங்களில் கடைசியில் ஒன்றுமே பகிரப்படவில்லை.

இருப்பதே போதும் என்பவர்களுக்கு

கைபேசிக் குழுவும் முகப்பழக்கமும் போதும் என்று எங்களில் ஐந்தாறு பேர் சொன்னார்கள். செலவில்லை, பதிவில்லை, தணிக்கையில்லை. மழை வருகிறது, களத்தில் நெல்லை மூடு என்று சொல்ல இதைவிட வேகமான வழி கிடையாது. பூச்சி விழுந்த இலையைப் படம் எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் நாலு பேர் பதில் சொல்கிறார்கள்.

ஆனால் அந்தக் குழுவில் கடைக்காரரும் இருக்கிறார். அதனால்தான் தை மாதத்துச் சேதி அங்கே வரவில்லை. 23 பேர் முன்னால் சொல்லக்கூடியதை மட்டும்தான் அதில் சொல்லமுடியும். அதோடு, சொன்னது தங்குவதும் இல்லை. கருப்புக் கவுனிக்கு எத்தனை நாள் வயது என்று மூன்று தடவை கேட்டு மூன்று தடவை பதில் வந்திருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் கோயில் அழைப்புக்கும் அடியில் அதைத் தேடி எடுக்க முடியவில்லை. ஐந்து பேர், ஒரே ஊர், ஒரே டீக்கடை என்றால் இது போதும். எங்கள் அளவுக்குப் போதாது.

பெரிய கை ஒன்றின் கீழ் போவது

ஒரு பெரிய ஆலைக்காரரோ கடைக்காரரோ நடுவில் நின்று, விதையும் முன்பணமும் கொடுத்து, பேசிய விலைக்கு நெல்லை எடுத்துக்கொள்வது இரண்டாவது வழி. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தமிழ்நாட்டில் 2019-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்திலேயே செய்துகொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நடுவில் இருப்பவருக்குச் சேதி வேண்டும். ஈரம், கலப்பு, அறுப்புத் தேதி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி எழுதி வைப்பார். எங்களில் யாரும் இதுவரை செய்யாத வேலை அது. கேடு எங்கே என்றால், சேதி மேலே போகும், கீழே வராது. எந்த வயல் நெல் அரைத்தால் குருணை அதிகம் விழுகிறது என்று அவருக்கு மூன்று வருடத்தில் தெரிந்துவிடும். அந்த வயல்காரருக்குத் தெரியாது, விலை குறைந்தது மட்டும் தெரியும். உரைகல்லில் உரசினால் இந்த வழி உடனே கறுக்கிறது. தப்பைச் சொன்னவர் பெயர் அடுத்த பட்டத்துப் பட்டியலில் இருக்காது.

நடுவில் நிற்பவர் நேர்மையானவராக, எடுக்கும் அளவும் பெரிதாக இருந்து, விற்பதைத் தவிர வேறு தலைவலி இல்லை என்றால் இதை எடுக்கலாம். பாரம்பரிய நெல்லில் அந்த அளவு இன்னும் வரவில்லை.

கூட்டுறவுச் சங்கம் பற்றி இரண்டு வார்த்தை. 1983-ம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதியலாம். டெல்டாவில் பயிர்க்கடன் வாங்காத வீடு எது, எல்லோருக்கும் பழக்கமான அமைப்பு. திருபுவனத்தில் பட்டு நெசவுக்காரர்கள் சங்கமாய் நிற்பதைப் பார்த்தால் ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே எல்லோரும் தறிக்காரர்கள், ஒரே தொழில், ஒரே குறை. நாங்கள் விதையிலிருந்து கடை வரை மேலும் கீழுமாய்த் தொங்குகிற சங்கிலி. ஒருவருக்கு விலை ஏறினால் இன்னொருவருக்குச் செலவு. அதற்குக் கூட்டுறவு பொருந்தாது என்பது என் முடிவு. இதில் அதிகம் தயங்கவில்லை.

உற்பத்தியாளர் நிறுவனம்

எங்களில் படித்த பிள்ளைகள் எல்லோரும் கை காட்டியது இதைத்தான். இரண்டு மாதம் இதற்கே செலவிட்டேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கூட்டுறவின் நல்ல குணத்தையும் கம்பெனியின் வேகத்தையும் சேர்த்து, 2002-ல் கம்பெனிச் சட்டத்தில் ஒரு திருத்தமாக வந்தது இது. இப்போது 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் 21அ அத்தியாயத்தில் இருக்கிறது. 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. இயக்குநர்கள் 5 முதல் 15 பேர். பங்கை வெளியாளுக்கு விற்க முடியாது. அதனால் பணக்காரர் ஒருவர் வந்து நிறுவனத்தையே வாங்கிக்கொண்டு போகமாட்டார். ஒரு வேலி வைத்திருப்பவரும் மூன்று மா வைத்திருப்பவரும் ஒரே எடையில் உட்காருவது நம் ஊரில் சின்ன விஷயம் இல்லை. சேர்ந்து நெல் உலர்த்தும் மிஷின் வாங்கவேண்டும், கிடங்கு கட்டவேண்டும், வங்கியில் கடன் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வாகனம் இல்லை.

அறிவைப் பகிர்வதற்கு இது என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் முடிச்சுகள் தெரிகின்றன. முதல் முடிச்சு: நிறுவனத்தின் தொழிலோடு மோதுகிற தொழில் வைத்திருப்பவர் உறுப்பினராக முடியாது என்று சட்டம் சொல்கிறது. நாளைக்கு நிறுவனமே மில் போட்டால் நானும் மன்னார்குடிக்காரரும் வெளியே. கடையும் திறந்தால் கடைக்காரர் வெளியே. வாடை எப்படி வந்தது என்று சொல்லத் தெரிந்தவர்கள், வாடை வந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர், மூவரும் கதவுக்கு அந்தப் பக்கம். விளைவிக்கிறவர்களைக் காப்பாற்ற எழுதிய விதி அது, நியாயமான விதியும்கூட. எங்கள் சங்கிலியை மட்டும் அது நடுவில் வெட்டுகிறது.

இரண்டாவது முடிச்சு: முழுநேரத் தலைமை அலுவலர் ஒருவர் கட்டாயம், அவர் உறுப்பினர் அல்லாதவராக இருக்கவேண்டும். கணக்கு சுத்தமாக இருக்க இது நல்லது. ஆனால் எல்லாருடைய சேதியும் அந்த ஒருவர் வழியாக ஓடத் தொடங்கும். யார் வயலில் என்ன விளையும், எந்தக் கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்று இரண்டு வருடம் பழகித் தெரிந்துகொள்வார். நல்ல சம்பளத்துக்கு வேறு வேலை வந்தால் போவார், போகத்தான் செய்வார். அவரோடு அத்தனையும் போகும். வெளியூர் நிறுவனங்கள் இரண்டில் இதை நேரில் பார்த்தேன். அலமாரியில் கோப்பு இருந்தது, கேட்டதற்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. சட்டத்துக்கு 10 பேர் போதும் என்றேன். ஆனால் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்க மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தில், சமவெளிப் பகுதிக்குக் குறைந்தது 300 உறுப்பினர் என்று வைத்தார்கள். மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு, உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரை என்று உதவி பெரிதுதான். அந்த உதவியைப் பார்த்து 23 பேரை 300 ஆக்கினால், மீதி 277 பேரும் நாங்கள் முகம் பார்த்திராதவர்கள். முகம் தெரிந்த 22 பேரிடம் தப்பைச் சொல்லத் தயங்கிய மன்னார்குடிக்காரர், 299 பேரிடம் சொல்வாரா?

நிறுவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரக்குக்கும் பணத்துக்கும் அது சரியான கூடு. அறிவைச் சுமக்க அதை மட்டும் நம்பி இறங்குவதுதான் எனக்குச் சம்மதமில்லை.

தனித்தனித் தொழில், சேதிக்கு மட்டும் ஒப்பந்தம்

ஐந்தாவது வழியை யாரும் பேர் சொல்லி முன்வைக்கவில்லை, பேச்சில் தானாய் உருவானது. மில் என்னுடையது, வயல் அவருடையது, கடை இன்னொருவருடையது. எதையும் ஒன்று சேர்க்கவேண்டாம். அறிவை எப்படிக் கைமாற்றுவது என்பதற்கு மட்டும் விதி வைத்து, எல்லோரும் கையெழுத்துப் போடுவோம் என்பது யோசனை.

காகிதத்தில் அழகாக இருக்கும், நடக்குமா என்று நானே முதலில் கேட்டேன். நடந்திருக்கிறது, அதுவும் நம் மண்ணிலேயே. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வருகிற உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய விதை சும்மா கிடைக்கும். விதி ஒன்றுதான்: அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பத்திரமில்லை, பிணையில்லை. 150-க்கும் மேற்பட்ட நெல் வகைகள் அப்படித்தான் மீண்டும் வயலுக்கு வந்தன. 2018 டிசம்பரில் அவர் மறைந்த பிறகும் அந்த விதைகள் கை மாறிக்கொண்டிருக்கின்றன. விதை என்பது நெல்மணி வடிவில் இருக்கும் அறிவு. வாங்கியவர் இரண்டு மடங்காகத் திருப்ப வேண்டும் என்றால் அவர் விதைத்தே ஆகவேண்டும், கலவன் பொறுக்கியே ஆகவேண்டும், கற்றே ஆகவேண்டும். சும்மா வாங்கி மூலையில் போட்டுவைக்க வழியில்லை. இதில் சட்டச் சிக்கலும் இல்லை. 2001-ம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விதையைச் சேமிக்க, விதைக்க, பரிமாற, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் தடை.

தூரத்து உதாரணம் ஒன்றும் என் மனதை மாற்றியது. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்துக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் கம்பெனிகள் பல தனித்தனி முதலாளிகளுடையவை. அவர்களுக்குள் சங்கம் உண்டு, பெரிய கூட்டம் உண்டு. ஆனால் உண்மையான கற்றல் நடப்பது ஐந்தாறு கம்பெனிகள் சேர்ந்த சின்னக் குழுக்களில். ஒருவர் தொழிற்சாலைக்கு மற்றவர்கள் போய், குறையைக் கண்ணால் பார்த்து, சேர்ந்து சரிசெய்வார்கள். நேர்ப் போட்டியாளர்களை ஒரே குழுவில் போடுவதில்லை. இந்தப் பழக்கத்தின் பலன் 1997 பிப்ரவரி 1 அன்று தெரிந்தது. பிரேக்குக்கான ஒரு சிறு வால்வை ஏறத்தாழ முழுக்க முழுக்க ஐசின் என்ற ஒரே கம்பெனிதான் டொயோட்டாவுக்குச் செய்து கொடுத்தது. அன்று அந்தத் தொழிற்சாலை எரிந்துபோனது. கார் உற்பத்தி நின்றது. தையல் மிஷின் செய்யும் பிரதர் உட்பட, அந்த வால்வைச் செய்தே பழகாத பல கம்பெனிகள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, தங்கள் பட்டறையில் இருந்த இயந்திரங்களை வைத்தே சில நாளில் வால்வு செய்யத் தொடங்கின. யாருக்கு எவ்வளவு கூலி என்று முதலில் பேசக்கூட இல்லை. சில நாட்களில் கார்கள் மறுபடி ஓடத் தொடங்கின. தீ விழுந்த அன்று புதிதாகப் பழகி அதைச் செய்திருக்க முடியாது.

டொயோட்டாவுக்கு இருக்கும் பலம் எங்களுக்கு இல்லை என்பது உண்மை. அங்கே எல்லோரையும் கட்டி இழுக்க ஒரு பெரிய வாங்குகிறவர் இருக்கிறார். இங்கே இல்லை. அந்த இடத்தை விதியால்தான் நிரப்ப வேண்டும். பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் சொன்னதும் இதுதான்: பயன்படுத்துகிறவர்களே விதி வைக்கவேண்டும், கண்காணிப்பவர் அவர்களுக்குள் ஒருவராக இருக்கவேண்டும், தண்டனை சிறிதில் தொடங்கி ஏறவேண்டும். முறைப்பாசனத்தில் நம் முன்னோர் செய்ததும் வேறில்லை.

எங்கள் விதிகளை அப்படியே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் தவிர மற்ற 22 பேரையும் மூன்று குழுவாகப் பிரிக்கிறோம், குழுவுக்கு ஏழெட்டுப் பேர். இரண்டு மில்காரரும் ஒரே குழுவில் இல்லை, இரண்டு அவல்காரரும் அப்படியே. கடைக்காரர் எந்தக் குழுவிலும் இல்லை. அவருக்கு மூன்று குழுவிலிருந்தும் முடிவு மட்டும் போகும், யார் சொன்னது என்ற பெயர் போகாது. அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு, "சரி மாமா, ஆனா வாடை வந்த லாட்டு எதுன்னு மட்டும் எனக்குத் தெரியணும்" என்றார். நியாயம். லாட்டு எண் அவருக்குப் போகும். அவரும் வாடிக்கையாளர் சொல்வதை வாரம் ஒருமுறை, வடிகட்டாமல், மூன்று குழுவுக்கும் அனுப்பவேண்டும்.

கூடுவது அமாவாசைதோறும். ஏர் கட்டாத நாள், எல்லோருக்கும் கை ஓய்வு. ஒவ்வொரு முறையும் ஒருவர் இடத்தில், களத்திலோ மில்லிலோ, நின்று பார்க்கிற மாதிரி. ஒரு குழுவில் கண்டுபிடித்தது அடுத்த அமாவாசைக்குள் மற்ற இரண்டு குழுவுக்கும் போயாகவேண்டும். வாங்கியது ஒன்று, கொடுப்பது இரண்டு. ஆதிரெங்கத்து விதியைத்தான் எடுத்துக்கொண்டோம்.

மூட்டையோடு ஒரு சீட்டு போகும். விதை யாருடையது, அறுத்த தேதி, களத்தில் எத்தனை நாள், மில்லுக்கு வரும்போது ஈரம், ஊறல் நேரம், தண்ணீர்ச் சூடு. ஆறு வரி, அதற்கு மேல் எழுதச் சொன்னால் யாரும் எழுதமாட்டார்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை ஈரம் எடுப்பதால் அதுவே காய்ந்த நெல் என்று எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வைத்து அரைக்கவேண்டிய நெல்லுக்கு 13 வேண்டும். அந்த ஒரு வரி எழுதத் தொடங்கியதிலேயே பாதிப் பேச்சு மிச்சமானது.

எனக்கு மிக முக்கியமான விதி பணம் பற்றியது. மூட்டைக்கு 10 ரூபாய் பொது நிதிக்கு. வருடத்துக்கு 4,000 மூட்டை ஓடுகிறது, 40,000 ரூபாய் சேரும். கெடுதல் தெரிந்த இரண்டு நாளுக்குள் குழுவில் சொன்னால் நட்டத்தில் பாதி நிதியிலிருந்து. என் பங்குனி நட்டத்தில் பாதி 33,750 ரூபாய், நிதி தாங்கும். மறைத்து, பிறகு தெரிந்தால் முழு நட்டமும் மறைத்தவர் தலையில். முதல் தடவை அதோடு சரி, இரண்டாவது தடவை ஒரு பட்டம் சீட்டு கிடையாது. மன்னார்குடிக்காரரிடம் இதைச் சொன்னபோது, "இப்படி இருந்திருந்தா தை மாசமே சொல்லியிருப்பேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இந்த வழிக்கு ஓட்டுப் போட்டேன்.

விலையும் வாடிக்கையாளர் பெயரும் பகிரவேண்டியதில்லை. அவல் வறுக்கும் பக்குவத்தையும் கேட்கமாட்டோம். விலகிப் போகிறவர் தன் சீட்டுகளின் நகலை எடுத்துக்கொண்டு போகலாம், மற்றவருடையதை எடுக்கக்கூடாது.

குறைகள் உண்டு. இதற்குச் சட்டத்தில் உருவம் இல்லை. வங்கி கடன் தராது. யாராவது சீட்டுகளை எழுதி வைத்த நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வழக்குப் போட்டு மீட்பது சுலபமில்லை. எழுதுகிற வேலை யாராவது ஒருவர் தலையில் விழும், எங்களில் அது விதை காக்கும் அக்கா தலையில் விழுந்திருக்கிறது. அவருக்கு மாதம் 1,500 ரூபாய் நிதியிலிருந்து கொடுப்பது என்று சொன்னேன். அது வருடத்துக்கு 18,000. நிதியில் நட்டத்துக்கு மிஞ்சுவது 22,000-தான், என் பங்குனி நட்டத்தின் பாதியைக்கூட அது தாங்காது. ஆகவே மூட்டைக்கு 10 என்பது 15 ஆகவேண்டும். இதில் இன்னும் பேச்சு முடியவில்லை. நான் 15-க்கே நிற்கிறேன். ஒரு பெண் இலவசமாக எழுதிக்கொண்டே இருப்பாள் என்று எண்ணி எந்த ஏற்பாட்டையும் கட்டக்கூடாது.

என் முடிவு இது. இந்தக் குறுவையும் வருகிற சம்பாவும் ஐந்தாவது வழியில் நடப்போம். அதற்குப் பிறகு உலர்த்தும் மிஷின் வாங்கும் தேவை உறுதியானால், நெல் போடுகிற 14 பேரும் விதைக்காரர் 3 பேரும் மட்டும் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதியட்டும். மில்லும் கடையும் வெளியே நின்று அதோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். அமாவாசைக் குழுக்கள் மட்டும் நிறுவனத்துக்குள் போகக்கூடாது, இப்போது போலவே குறுக்காக ஓடவேண்டும். உங்கள் சங்கிலியில் கிடங்கும் கடனும்தான் இப்போதே கழுத்தைப் பிடிக்கிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், நிறுவனம் முதலில் வரட்டும்.

ஒன்றுக்கு மட்டும் எந்த வழியிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை. வெந்நீர் ஊறல் ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் எப்போதோ செய்து காட்டியது. நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கு 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய கூடம்தான் இன்று தஞ்சாவூரில் தேசிய நிறுவனமாக நிற்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இருந்த அறிவு அது. இருந்தும் என் மில்லில் 30 வருடமாக நெல் அவிக்கிற பெரியவருக்கு டிகிரி தெரியாது, ஆவியின் வாசனை தெரியும். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு எப்போது வால்வை மூடுவது, காட்டுயானத்துக்கு எப்போது என்று அவர் கைக்குத் தெரியும். சீட்டில் அதற்கு வரி இல்லை. கேட்டால், "வாசனை வரும் தம்பி, அப்ப மூடணும்" என்கிறார்.

நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறைகளில் வண்டல் மண்ணின் பதத்தை யாரும் எழுதி வைத்ததில்லை. பையன்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்தார்கள். மன்னார்குடிக்காரரின் மகனை மூன்று நெல் அவியலுக்கு என் மில்லில் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன். கையில் வெப்பமானி கொடுத்து, பெரியவர் மூடு என்று சொல்லும் நொடியில் அது என்ன காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். வருகிற அமாவாசைக்கு அடுத்த நாள் முதல் அவியல். பெரியவர், "பையனுக்கு மூக்கு அடைச்சிருந்தா கூட்டிட்டு வராதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.